போர்டு கேம் கஃபேக்கு அடையாளம் அமைப்பது: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும்

புதிதாகக் கடை திறக்கிறவர்கள் முதலில் ஆர்டர் கொடுப்பது பெயர்ப்பலகைக்குத்தான். லோகோ கடைசி நேரத்தில் ஃப்ளெக்ஸ் கடை கம்ப்யூட்டரிலேயே உருவாகிவிடும். ஜூஸ் கடைக்கு அது போதும். காபியோடு உட்கார்ந்து பலகை விளையாட்டு ஆடும் போர்டு கேம் கஃபேயில் அந்தக் கணக்கு ஒத்துவராது. வருகிறவர் வாசல் பலகையைப் பார்ப்பது சில விநாடி. உள்ளே ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் மேசையையும் காயையும் விதி அட்டையையும் தொட்டுக்கொண்டே இருக்கிறார். கடையின் அடையாளம் அவர் மனதில் பதிவது அங்கேதான். எனவே பணமும் யோசனையும் முதலில் கை படுகிற பொருளுக்குப் போகட்டும். சுவர் ஓவியத்தை மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

யாருக்காக என்று முதலில் எழுதி வையுங்கள்

ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், அஸ்தம்பட்டி பக்கம் திறக்கும் கஃபேக்கு வருகிறவர் திரும்பத் திரும்ப வரும் உள்ளூர்க்காரர்: கல்லூரிக் கூட்டம், சனி ஞாயிறில் குடும்பம். ஏற்காட்டில் வருகிறவர் சுற்றுலாக்காரர். மழையோ பனிமூட்டமோ பகோடா பாயிண்டை மறைத்துவிட்டது, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளே நுழைவார். மறுபடி வருவார் என்று சொல்ல முடியாது. முதல் வகைக்கு மெம்பர் அட்டை, புது விளையாட்டு வந்த அறிவிப்பு எல்லாம் வேண்டும். இரண்டாம் வகைக்கு அதெல்லாம் வீண். அவருக்கு வேண்டியது ‘நாலு பேர், அரை மணி, ஒன்றும் தெரியாது, எதை எடுக்கலாம்?’ என்ற கேள்விக்குச் சுவரிலேயே பதில். இரண்டு ஊரிலும் கிளை வைப்பதானால் பெயரும் எழுத்தும் ஒன்றாக இருக்கலாம். உள்ளே இருக்கும் பலகைகள் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

காகிதத்தில் ஒரே வாக்கியம் போதும்: யார், எவ்வளவு நேரம், என்ன மனநிலையில். பிறகு எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அந்த வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயர்

‘சேலம் போர்டு கேம் கஃபே’ என்று வைத்தால் தேடுகிறவருக்குக் கிடைக்கும். டிரேட்மார்க் கிடைப்பது கஷ்டம். ஊர்ப் பெயரும் தொழில் பெயரும் யாருக்கும் தனிச் சொத்து ஆகாது. ‘டைஸ்’ (பகடை), ‘மீப்பிள்’ (மனித உருவக் காய்) போன்ற சொற்கள் உலகம் முழுக்க இந்த வகைக் கடைகளில் தேய்ந்து போனவை. கார்கசோன் விளையாட்டின் மர மனித உருவத்தை லோகோவாக வைத்தால் பத்தோடு பதினொன்று ஆவீர்கள்.

நம் வீட்டு ஆட்டங்களில் பெயருக்குப் பஞ்சமில்லை. தாயம், வெட்டு, பழம், ஆடுபுலி என்று எத்தனையோ இருக்கின்றன. இந்த வழிகாட்டி முழுக்க ஒரு கற்பனைப் பெயரை வைத்துக்கொள்வோம்: ‘பன்னெண்டு’. பித்தளைத் தாயக்கட்டையின் நான்கு நீளப் பக்கங்களில் ஒன்று வெறுமையாக இருக்கும். மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று குழிகள். இரண்டு கட்டையும் வெறும் பக்கம் காட்டி விழுந்தால் பன்னெண்டு. அதனால் லோகோவும் கையோடு வந்துவிடுகிறது: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெறும் பட்டைகள். ஆட்டம் தெரிந்தவருக்கு உடனே புரியும். தெரியாதவர் கேட்பார், கேட்டால் ஊழியருக்குப் பேச்சைத் தொடங்க ஒரு வழி.

பெயரை உறுதி செய்யும் முன் மூன்று சோதனை. போனில் ஒருமுறை சொன்னால் எதிர்முனையில் சரியாக எழுதுகிறாரா? ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பார்த்தால் சிரிக்காமல் திருப்பிச் சொல்கிறாரா? ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? பன்னெண்டு இந்த மூன்றாவதில் உதை வாங்கும்: ஒரு ‘என்’ போடுவதா, இரண்டா, கடைசியில் ‘யு’ வேண்டுமா என்று ஆளுக்கு ஒன்று எழுதுவார்கள். ஒரு வடிவத்தை முடிவு செய்து, வேறு இரண்டு வடிவங்களின் இன்ஸ்டாகிராம் கணக்கையும் இணைய முகவரியையும் சேர்த்து எடுத்துவிடுவதுதான் வழி.

தமிழ் எழுத்திலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலான டிசைனர்கள் ஆங்கில லோகோ முடித்துவிட்டுத் தமிழை அதற்குள் திணிப்பார்கள். தமிழ்நாட்டில் இது சட்டப்படியும் தலைகீழ். கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் மேலே, பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி மூன்றும் இருந்தால் இடம் 5:3:2 என்ற விகிதம். ஆங்கில லோகோவுக்காகவே அளவெடுத்த பலகையில் பிறகு தமிழ் ஏறினால் இரண்டும் நெரியும். முதலில் தமிழை வரையுங்கள். ஆங்கிலம் அதன் தடிமனுக்கும் வளைவுக்கும் ஏற்ப அமையட்டும்.

இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் உண்டு. அனெக் தமிழ், முக்த மலர், கட்டமரன், பாலூ தம்பி, மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. லோகோவுக்கும் அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அனெக்கில் தடிமனோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் நீளப் பெயருக்கு அதுதான் கை கொடுக்கும். பாலூ தம்பி விளையாட்டுத்தனமானது. குழந்தைகள் கூட்டம் முக்கியம் என்றால் எடுங்கள், இல்லையேல் அது மிட்டாய்க் கடை வாசம் அடிக்கும்.

இப்போது ‘பன்னெண்டு’ என்பதை ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். இரண்டு சுழி ன இருமுறை, மூன்று சுழி ண ஒருமுறை. தடிமனான எழுத்துருவில் இந்தச் சுழிகளின் உட்புறம் குறுகிப்போகும். சின்ன அளவில் மை அடைத்துக்கொண்டு மூன்று சுழியும் ஒரே கருப்புக் கட்டியாகத் தெரியும். அதற்கு மருந்து, சின்ன அளவுக்கு என்றே ஒரு மெல்லிய வடிவத்தைத் தனியாகச் செய்து வைப்பது. அச்சில் பெயரின் அகலம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த வடிவம். 12-க்கும் கீழே போனால் எழுத்தே வேண்டாம், இரண்டு பட்டை மட்டும்.

அடுத்தது புள்ளி. பெயரில் இரண்டு புள்ளிகள். எல்இடி எழுத்துப் பலகையில் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு, தனி வயர். ஒன்று அணைந்தால் உங்கள் கடை ‘பனனெண்டு’ ஆகிவிடும். புள்ளியின் விட்டம் எழுத்துக் கோட்டின் தடிமனைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். இல்லையேல் தூரத்திலிருந்து தெரியாது. மரத்திலோ தகட்டிலோ எழுத்தை வெட்டித் துளைப்பதானால் சுழிகளின் உள்துண்டு உதிர்ந்து விழும். 2 முதல் 3 மில்லிமீட்டர் பாலம் விட்டு வரையச் சொல்லுங்கள். புள்ளியைப் பகடைக் குழியாக மாற்றும் ஆசை எல்லா டிசைனருக்கும் வரும். பட்டைச் சின்னம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு லோகோவுக்கு ஒரு வித்தை போதும்.

மூன்றாவது, கொம்பு. ‘னெ’ என்பதில் கொம்பு முன்னால் வர வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரிலும் போட்டோஷாப்பிலும் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு (கம்போசர்) வசதியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். ஃப்ளெக்ஸ் கடைகளில் பழைய கோரல்டிராவும் பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருக்களும்தான் இன்னும் ஓடுகின்றன. நீங்கள் அனுப்பும் யூனிகோட் எழுத்து அங்கே கட்டம் கட்டமாகத் திறக்கும், அவர் தன்னிடம் உள்ள எழுத்துருவில் ‘அதே மாதிரி’ அடித்துக் கொடுத்துவிடுவார். அதனால் பிரஸ்ஸுக்குப் போகும் எந்தக் கோப்பிலும் எழுத்து எழுத்தாக இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடுங்கள்.

எழுத்தின் உயரத்துக்கு வழக்கமான கணக்கு, வசதியாகப் படிக்கப் பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குலம். அது ஆங்கிலத்துக்கு. சுழி நிறைந்த தமிழுக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். சாலைக்கு எதிர்ப்புறம் 60 அடியிலிருந்து படிக்க வேண்டும் என்றால் ‘ப’ எழுத்தின் உயரம் 8 அங்குலம். புள்ளி மேலே ஏறும், பு, சு போன்ற எழுத்துகள் கீழே இறங்கும் என்பதால் பலகையின் உயரத்தை எழுத்து உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது வையுங்கள். தயாரிக்கக் கொடுக்கும் முன் உண்மையான அளவில் காகிதத்தில் அச்செடுத்து, இடத்தில் ஒட்டி, எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். ஐந்து ரோடு பக்கம் என்றால் மாலை நெரிசலிலும் ஒருமுறை.

நிறம்

சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் நான்கும் ஆட்டக்காய்களுக்குச் சொந்தம். கடையின் நிறமும் அதுவே ஆனால் மேசையில் எல்லாம் கலங்கித் தெரியும். ‘பன்னெண்டு’க்கு மூன்று நிறம்: பித்தளை, கருங்கல் சாம்பல், சேவராயன் அடிவாரத்து மாக்னசைட்டின் சாம்பல் கலந்த வெள்ளை. மாம்பழ மஞ்சள் வேண்டாம். சேலத்தில் பாதிக் கடைகள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பித்தளை நிறம் சாதாரண நான்கு வண்ண அச்சில் கடுகு நிறமாக விழும். விசிட்டிங் கார்டிலும் மெனு அட்டையிலும் ஃபாயில் ஒட்டலாம்; மற்ற இடங்களில் அந்தக் கடுகு நிறத்தையே முறையாக ஏற்று எண் குறித்துவையுங்கள் (சயன் 20, மெஜந்தா 40, மஞ்சள் 85, கருப்பு 5 என்பது தொடங்க நல்ல இடம்; உங்கள் பிரஸ்ஸில் மாதிரி எடுத்துத் திருத்துங்கள்). வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் வெளுக்கும். பழைய ஃப்ளெக்ஸ் எல்லாம் நீலம் பாரித்து நிற்பது அதனால்தான். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் மேற்கு பார்த்த பலகைக்கு அச்சிட்ட ஃப்ளெக்ஸைவிட ஏசிபி (அலுமினியக் கலப்பு) தகட்டின் மேல் நிறமுள்ள அக்ரிலிக் எழுத்து தாங்கும்.

மேசைதான் உண்மையான பெயர்ப்பலகை

கஃபேக்களில் வழக்கமாகப் போடும் இரண்டுக்கு இரண்டு அடி மேசை இங்கே உதவாது. டிக்கெட் டு ரைடு என்ற விளையாட்டின் பலகை மட்டுமே ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் நீளம், 53 அகலம். நான்கு பேருக்கு மூன்றுக்கு மூன்று அடி, ஆறு பேருக்கு ஐந்துக்கு மூன்று அடி குறைந்தபட்சம். மேற்பரப்பு பளபளப்பில்லாத நடுத்தரச் சாம்பல் லேமினேட்: வெள்ளைக் காயும் கருப்புக் காயும் இரண்டுமே தெரியும். கண்ணாடி போடாதீர்கள், பகடை வழுக்கிக் கீழே போகும், விளக்கு எதிரொளிக்கும். ஃபெல்ட் துணி காபியைக் குடித்துக்கொண்டு நாறும். 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் (ரப்பர் வகை) விரிப்பில் கறை துடைத்தால் போய்விடும். அதன் ஒரு மூலையில் மட்டும் இரண்டு பட்டைகள், உள்ளங்கையளவு. நடுவில் லோகோ அச்சடித்தால் ஆட்டத்துக்கு இடைஞ்சல்.

விளக்கு பெரும்பாலான டிசைன் கோப்புகளில் விட்டுப்போகும் விஷயம். மஞ்சள் வெளிச்சம் படத்துக்கு அழகு, ஆனால் தரம் குறைந்த மஞ்சள் எல்இடியில் கரும்பச்சைக் காயும் நீலக் காயும் ஒன்றாகத் தெரியும், சண்டை வரும். மேசைக்கு மேல் 4000 கெல்வின், நிறத் துல்லியக் குறியீடு (சிஆர்ஐ) 90-க்கு மேல். சுவர்ப் பக்கம் வேண்டுமானால் மஞ்சள் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் அடையாளத்தில் சேர்த்தி. சேலத்தில் கடை வைத்துவிட்டுத் தட்டுவடை செட் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கடித்தால் சட்னி வழியும், பீட்ரூட் துருவல் கொட்டும், கறை ஆட்டச் சீட்டிலிருந்து போகவே போகாது. சின்னத் தட்டையில் ஒரே வாயாகச் செய்து, குச்சி குத்தி, மேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் வையுங்கள். மேசை மேல் சாப்பாடு இல்லை என்ற விதி அந்த ஸ்டூலாலேயே புரிந்துவிடும். டம்ளர் அகலமான அடியோடு இருக்கட்டும். நீண்ட கண்ணாடிக் கோப்பை ஒரு முழங்கை பட்டால் போதும்.

லேபிளும் விதி அட்டையும்

அலமாரியில் ஒவ்வொரு பெட்டிக்கும் 50×30 மில்லிமீட்டர் லேபிள், முதுகில், இடது கீழ் மூலையில், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். உரித்தெடுக்கக்கூடிய பசையாக இருக்கட்டும். நான்கு தகவல்: எத்தனை பேர், எத்தனை நிமிடம், எவ்வளவு கடினம், மொழி வேண்டுமா. நான்காவது பல இடங்களில் இருப்பதில்லை, நம் ஊருக்கு அதுதான் ரொம்ப முக்கியம். அசூல் ஆட ஒரு சொல்கூடப் படிக்க வேண்டாம். கோட்நேம்ஸ் ஆட ஆங்கிலச் சொல் தெரிய வேண்டும். பாட்டியோடு வந்த குடும்பம் இதைப் பார்த்துத்தான் எடுக்கும். பெட்டியில் அச்சிட்ட நிமிடத்தில் விளக்கும் நேரம் சேராது. கால் மணி கூட்டிப் போடுங்கள்.

கடினத்தை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். ஆண்களில் பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாது. நிறத்தோடு வடிவமோ எண்ணோ வேண்டும். ஏற்காட்டுக் கடைக்கு ஒரு சுலபமான அளவுகோல் உண்டு: மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள். 5-ம் வளைவு என்றால் குழந்தைகள் ஆடலாம், 20-ம் வளைவு என்றால் மதியம் முழுக்க ஆகும். இடையில் 10, 15. இருபதுக்கும் தனித்தனி ஆட்டம் பொருத்தப் பார்த்தால் ஊழியருக்கே குழப்பம். கீழே சேலத்தில் இந்த அளவுகோல் வேண்டாம், அங்கே அது ஒட்டாது.

விதி அட்டை ஏ5 அளவு, 300 ஜிஎஸ்எம் கனத் தாள், இருபுறமும் மேட் லேமினேஷன், முனை மழுங்கல். எழுத்து 12 பாயிண்ட், வரிக்கு வரி 18. முதல் வரியில் எப்படி ஜெயிப்பது. பிறகு உங்கள் முறையில் என்ன செய்யலாம், மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆட்டம் எப்போது முடியும். எல்லோரும் தப்பாக ஆடும் அந்த ஒரு விதி. மொத்தம் 120 சொற்களுக்குள். பெட்டியில் வரும் விதிப் புத்தகத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்து அச்சிடாதீர்கள்: ஆட்டமுறைக்குப் பதிப்புரிமை இல்லை, எழுதிய வாசகத்துக்கும் படத்துக்கும் உண்டு. உங்கள் சொல்லில் எழுதுங்கள். அதே காரணத்தால் மோனோபோலி தாத்தாவை வாசல் பலகையில் நிறுத்தாதீர்கள்.

சொற்கள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன: காய், கட்டம், வெட்டு, முறை, பழம். ‘டோக்கனை நகர்த்தவும்’ என்பதற்குப் பதில் ‘காயை நகர்த்துங்கள்’. எச்சரிக்கை அட்டைகளும் இதே குரலில்: ‘எண்ணெய்க் கையா? டிஷ்யூ இடப்பக்கம் இருக்கு.’ சுவரெல்லாம் ‘கூடாது, கூடாது’ என்று இருந்தால் ரேஷன் கடை நினைவுதான் வரும்.

ஒவ்வொரு மூடியின் உட்புறமும் எண்ணிக்கைச் சீட்டு ஒன்று. கட்டான் விளையாட்டுக்கு: நிலத் துண்டு 19, வளச் சீட்டு 95, வளர்ச்சிச் சீட்டு 25. கார்கசோனுக்கு: நிலச் சதுரம் 72. திருப்பி வைக்கும்போது ஊழியர் எண்ண இரண்டு நிமிடம் ஆகும். எண்ணாவிட்டால் ஒரு மாதத்தில் அரைகுறைப் பெட்டிகள்தான் மிஞ்சும், அப்புறம் எந்த லோகோவும் கடையைக் காப்பாற்றாது.

மலைக்கு மட்டும்

ஏற்காட்டு ஈரத்தில் சீட்டு வளையும், எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்திய) பலகை ஊதும், துணிப் பைகளில் பூஞ்சை ஏறும். அலமாரிக்கு எம்டிஎஃப் வேண்டாம், நீர் தாங்கும் பிளைவுட் அல்லது ஸ்டீல். சீட்டுகளுக்கு உறை போடுங்கள். அடிக்கடி வருவன 63×88, 59×92, 44×68 மில்லிமீட்டர் அளவுகள், வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். பெட்டிக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்.

பனிமூட்டத்தில் எரியும் எழுத்தைச் சுற்றி ஒளி பரவும். நெருக்கமான எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மலைப் பலகைக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டி, வெளிச்சத்தைக் குறைக்க ஒரு டிம்மர் வைக்கச் சொல்லுங்கள். வெளியே துணிப் பேனர் தொங்கவிட்டால் அது குரங்குகளுக்கு விளையாட்டு.

கோப்பும் பதிவும்

டிசைனரிடமிருந்து வாங்க வேண்டியவை: எஸ்விஜி மூலக் கோப்பு, கர்வ்ஸாக்கிய பிடிஎஃப், பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஒரே நிற வடிவம், இருட்டுப் பின்னணிக்கான தலைகீழ் வடிவம், வட்டத்துக்குள் அடங்கும் சின்னம். கூடவே பில் மெஷினுக்கு ஒன்று: 80 மில்லிமீட்டர் ரோலுக்கு 576 புள்ளி அகலம், 58-க்கு 384, சுத்தமான கருப்பு வெள்ளை. சாம்பல் இருந்தால் பொரிப்பொரியாக அச்சாகும். பல பில் மெஷின்களில் தமிழ் எழுத்தே இல்லாததால் பெயரைப் படமாகத்தான் ஏற்ற வேண்டும். பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) எண்ணுக்கும் இடம் விடுங்கள், அது கட்டாயம்.

டிரேட்மார்க்கில் உணவகச் சேவை 43-ம் வகுப்பு, பொழுதுபோக்கு 41. சொந்தமாக விளையாட்டு அச்சிட்டு விற்கும் எண்ணம் இருந்தால் 28. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் வகுப்புக்கு ₹4,500, மற்றவர்களுக்கு ₹9,000. பதிவு பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பொதுத் தேடல் இலவசம். தமிழிலும் ஆங்கில எழுத்துகளின் எல்லா வடிவத்திலும் தேடிவிட்டுப் பலகைக்கு ஆர்டர் கொடுங்கள்.

அச்சு ஆர்டரில் கடைசியாக ஒன்று: விதி அட்டைகளை ஒவ்வொன்றிலும் முதலில் மூன்று பிரதி மட்டும் டிஜிட்டல் அச்சில் எடுங்கள். ஆட்டமே தெரியாத நான்கு பேரை உட்காரவைத்து, யாரும் வாய் திறந்து விளக்காமல் அட்டையை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் கேள்வி கேட்கும் வரியைத் திருத்திய பிறகு மொத்த அச்சுக்கு அனுப்புங்கள்.